மந்திரம் மூன்று சொல், தோட்டா அரை நொடி

நான் எழுதிவரும் மாயக்கதைத் தொடரின் ஏழாம் அத்தியாயத்தின் கீழே, வாசகர் கருத்துகளில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. நாற்பது ஆண்டுகள் மந்திரம் பயின்ற ஆசானை, எதிர்மாடியில் படுத்திருந்த 19 வயதுப் பெண் ஒரே தோட்டாவில் வீழ்த்திவிட்டாள் என்பதற்காக, "எழுதத் தெரியாதவர்கள்தாம் கடைசியில் துப்பாக்கியை எடுப்பார்கள்" என்று ஒரு நண்பர் தீர்ப்பு எழுதினார். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளை நான் எண்ணவில்லை என்று சொன்னால் அது பொய். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் காத்திருந்தேன். கோபம் போவதாக இல்லை, ஆகவே இப்போது எழுதுகிறேன்.

என் தரப்பு ஒன்றே ஒன்றுதான். இன்றைய நகரத்தில் நடக்கும் மாயக்கதையில் துப்பாக்கி மந்திரத்துக்கு ஈடுகொடுக்கும். பலத்தால் அல்ல, நேரத்தால்.

ராணுவங்களில் பரவலாகப் புழங்கும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் எடை ஏறத்தாழ 4 கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் நொடிக்கு 900 மீட்டர் அளவில் இருக்கும். ஒலியோ நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். அதாவது, 300 மீட்டர் தள்ளி நிற்பவரைத் தோட்டா அரை நொடிக்குள் தொட்டுவிடும். வெடிச்சத்தம் அவரிடம் வந்து சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். சத்தம் வரும்போது அதைக் கேட்க ஆள் இருக்கமாட்டார். என் கதையில் கவச மந்திரத்துக்கு மூன்று சொல். உலகத்திலேயே வேகமான நாக்கு உடையவராக இருந்தாலும், எதற்காகச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தானே முதல் சொல்லைத் தொடங்குவார்?

"ஆசானின் பலத்துக்கு முன்னால் ஒரு சிறு ஈயத்துண்டு எம்மாத்திரம்" என்று கேட்டவர்களுக்கு ஒரு செய்தி. பலம் பற்றிய பேச்சே இங்கு இல்லை. அந்தத் தோட்டாவின் உந்தம், ஒருவர் ஓரளவு வேகமாக எறிந்த கிரிக்கெட் பந்தின் உந்தத்துக்குச் சமம். சுடப்பட்டவர் பறந்து போய்ச் சுவரில் மோதுவதெல்லாம் திரைப்படத்தில் மட்டும்தான் நடக்கும். தோட்டாவைத் தடுக்க மலையைப் பெயர்க்கும் மந்திரம் வேண்டியதில்லை, சின்னஞ்சிறு மந்திரமே போதும். ஆனால் அது அந்த அரை நொடிக்குள் அங்கே இருந்தாக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: பலம் அல்ல, நேரம்.

அடுத்து, எல்லோரும் பிடித்துக்கொண்ட கேள்வி. கவசத்தை எப்போதும் போட்டுக்கொண்டே திரியலாமே? திரியலாம். எல்லாவற்றையும் தடுக்கும் கவசம் என்றால் காற்றையும் தடுக்கும்; உள்ளே இருப்பவர் மூச்சு முட்டிச் சாவார். காற்றை விட்டுவிட்டுத் தோட்டாவை மட்டும் தடுக்கிறது என்றால், எதைப் பார்த்துப் பிரிக்கிறது? வேகத்தைப் பார்த்து என்றால் மெல்லச் செருகும் கத்தி உள்ளே வந்துவிடும். உலோகத்தைப் பார்த்து என்றால் அவருடைய சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்து என்னாவது? கெட்ட எண்ணத்தைப் பார்த்து என்றால், அந்தப் பெண் அவரை வெறுக்கவே இல்லை என்று ஐந்தாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன். எந்த விலையும் கேட்காத, எந்த ஓட்டையும் இல்லாத கவசம் ஒருவருக்கு இருந்தால் அவரை வைத்துக் கதை எழுத முடியாது, கோயில்தான் கட்ட முடியும்.

மந்திரத்தின் உண்மையான வலு வேறிடத்தில் இருக்கிறது. மாந்திரிகத்தில் அட்டகருமம் என்று எட்டு வகை மந்திரச் செயல்களைச் சொல்வார்கள். அதில் தம்பனம் தோட்டாவை நிறுத்தப் பார்க்கும். வசியமோ சுடுகிறவரின் மனத்தையே திருப்பிவிடும். இரண்டாவதுதான் பயங்கரமானது, அதற்கு எந்தத் துப்பாக்கியும் நிகரில்லை என்பதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் எந்த மாடியில் யார் படுத்திருக்கிறார் என்றே தெரியாதபோது யாரை வசியம் செய்வது?

"துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் எழுதுகிறார்" என்று ஒரு குரல். தொட்டிருக்கிறேன். மாணவப் பருவத்தில் ஒரு பயிற்சி முகாமில் வரிசையாகக் குப்புறப் படுக்கவைத்து, ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்து, 25 மீட்டர் தொலைவில் இருந்த அட்டையைச் சுடச் சொன்னார்கள். ".22 ரைஃபிள், குழந்தைகூடச் சுடும்" என்றார் பயிற்சியாளர். "மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. விசையை இழுக்காதே, அழுத்து." என் முழங்கைக்குக் கீழே ஒரு கூழாங்கல். கன்னத்தில் மரக்கட்டையின் எண்ணெய் வாடை. ஐந்தும் முடிந்து அட்டையைக் கொண்டுவந்தபோது அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன; ஒன்று பக்கத்தில் படுத்திருந்தவளுடையது என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. ஆகவே துப்பாக்கி எளிது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. என் நாயகிக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். அது இழுவையாக இருக்கிறது என்று அன்றைக்கு எழுதியவரும் இதே நண்பர்தான்!

துப்பாக்கிக்குக் குறைகள் இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன. ஒலியடக்கி பொருத்தினாலும் ஒலியை மிஞ்சும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தம் போகாது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு கீழே கிடக்கும், தோட்டாவில் குழலின் வரித்தடம் பதிந்திருக்கும், கையில் மருந்துத்துகள் ஒட்டியிருக்கும். மந்திரம் எந்தத் தடயத்தையும் விடாது. கொன்ற பிறகு தப்பிப்பதில் மந்திரவாதியே வெல்வார். ஓநாய் மனிதர்களைக் கொல்லும் என்று கதைகளில் வரும் வெள்ளித் தோட்டாவைப் பற்றிக் கேட்டவருக்கு: என் கதையில் ஓநாய் மனிதர்கள் இல்லை.

"இது கற்பனை, இதில் எதற்கு இயற்பியல்" என்பவர்களுக்கு வரலாற்றைத்தான் காட்ட வேண்டும். 1905இல் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் எழுந்த மாஜி மாஜி கிளர்ச்சியில், மந்திர நீர் தோட்டாவையே தண்ணீராக்கிவிடும் என்று நம்பி மக்கள் இயந்திரத் துப்பாக்கிகளின் முன்னால் போனார்கள். மாஜி என்றால் சுவாஹிலியில் தண்ணீர். சீனத்துப் பாக்சர் கிளர்ச்சியாளர்களும் தம் உடலைத் தோட்டா துளைக்காது என்று நம்பினார்கள். அவர்களை நான் நகைக்கவில்லை. அந்நியனின் ஆயுதத்துக்கு முன்னால் வேறு வழியில்லாமல் நின்றவர்கள் அவர்கள். மந்திரத்தை மெய்யாகவே நம்பியவர்கள் அதனிடம் கேட்டது தோட்டாவிலிருந்து காப்பைத்தான். தமக்கு ஈடாகாத எதிரிக்கு யாராவது காப்புக் கட்டிக்கொள்வார்களா?

ஜப்பானில் 1575இல், நாகஷினோவில், பேர்பெற்ற தக்கேடா குலத்துக் குதிரைவீரர்கள் மரவேலிக்குப் பின்னால் நின்ற சாதாரணக் காலாட்களின் திரித்துப்பாக்கிகளுக்கு முன்னால் விழுந்தார்கள். உங்களுக்கு வலிப்பது அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆசானுக்கு வம்சம் இருக்கிறது, நெற்றியில் குறி இருக்கிறது, பிறந்தபோதே யாரோ சொல்லிவைத்த தீர்க்கதரிசனம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டு உழைப்பும் ஒரு வாடகை அறையும் மட்டுமே இருக்கின்றன. அவள் அவரைத் தீப்பந்தால் கொன்றிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். மந்திரத்தை அவமதித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லும்போது, வம்சம் இல்லாதவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் என் காதில் விழுகிறது. மிகையாகச் சொல்கிறேனோ? இருக்கலாம். இந்த அத்தியாயத்தின் முதல் வரைவை நான் அனுப்பி, "அருமை" என்று பதில் வாங்கியதும் இதே நண்பரிடம்தான் என்பதால் நிதானம் கொஞ்சம் தவறுகிறது.

கடைசியாக, "இவ்வளவு பெரிய ஆசான் அன்று மட்டும் ஏன் கவசம் இல்லாமல் நின்றார்" என்று கேட்ட எழுபத்துச் சொச்சம் பேருக்கு: ஏழாம் அத்தியாயத்தின் பதினோராம் பத்தி. கவசத்துக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் கவசத்தைக் கலைத்துவிட்டு, பால்கனிக்கு வந்து, "சொல்லும்மா" என்றார்.