கிளிக்கு டீ கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் சொன்னேன்

ஆமாம், கிளிக்கு டீ கொடுக்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான். லிங்க் போடப் போவதில்லை. என் பங்குக்கு வேறு அதற்கு வியூஸ் ஏற்றிவிட வேண்டாம். எப்படியும் எல்லோரும் பார்த்தாயிற்று. அண்ணன் டபராவில் டீ ஆற்றுகிறார், ஆப்பிரிக்கன் கிரே கிளி தோளிலிருந்து கை வழியாக நடந்து இறங்கி அலகை உள்ளே விடுகிறது, "எங்க ஐயாவுக்கு டீ இல்லன்னா பொழுதே விடியாது" என்று பின்னால் ஒரு குரல், வீடே சிரிக்கிறது. கடைசியில் பிஸ்கட்டைத் தன் பல்லில் கடித்து வைத்துக்கொண்டு வாயோடு வாயாக ஊட்டுகிறார். கீழே இதயம் இதயமாகக் கொட்டிக் கிடக்கிறது.

நான் அங்கே எழுதியது ஒரே வரி. "பறவைக்கு டீ கொடுக்காதீர்கள், காஃபின் அதற்கு ஆகாது." மரியாதையாகத்தான் எழுதினேன். வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "அக்கா வந்துட்டாங்கப்பா." "உங்க வீட்டுக் கிளிக்கு கிரீன் டீயா?" "மேடம் நீங்க டாக்டரா?" இல்லை தம்பி, டாக்டர் இல்லை. தின்னக் கூடாததைத் தின்று ஒரு பறவை செத்துப்போன வீட்டுக்காரி. அந்தத் தகுதி போதும் என்று நினைத்துவிட்டேன்.

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஆப்பிரிக்கன் கிரே அரைக் கிலோகூட வராது. 400 கிராம் என்று வையுங்கள். இரண்டு டீஸ்பூன் டீ உள்ளே போனால், எடைக்கு எடை பார்த்தால் 60 கிலோ ஆள் ஒன்றரை லிட்டர் குடித்த மாதிரி. காஃபின் இதயத்தை விரட்டும், துடிப்பைத் தாறுமாறாக்கும். அளவு மீறினால் வலிப்பு வரும், உயிரும் போகும். சாக்லேட்டிலும் காஃபின் உண்டு, கூடவே அதே வகையைச் சேர்ந்த தியோபுரோமின் வேறு. டீயில் இருக்கும் பாலும் சேராது, பறவைக்குப் பால் செரிக்கிற வயிறு இல்லை. ஒரு வாய் குடித்தவுடன் விழுந்து செத்துவிடும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தினமும் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்கிறேன்.

"அதுவாத்தான் கேக்குது" என்பதுதான் எல்லோர் கையிலும் இருக்கிற பெரிய வாதம். கேட்கத்தான் செய்யும். கிளி கூட்டமாக வாழ்கிற பறவை. கூட்டத்தில் ஒன்று தின்றால் மற்றதும் தின்னும். உங்கள் வீட்டில் அதற்குக் கூட்டம் நீங்கள்தான். நீங்கள் டீ குடித்தால் அதுவும் டீயிடம் வரும், பீர் பாட்டிலைத் திறந்தால் அதன் வாயிலும் வந்து அலகை விடும். கேட்டது என்பதற்காகக் கொடுப்பீர்களா?

எங்கள் சொக்கன் ஒரு காக்டெயில் (cockatiel), கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. நூறு கிராமுக்குள்தான் இருப்பான். காலையில் பால்காரர் ஹாரன் மாதிரியே விசிலடித்து என் மாமியாரைப் பாத்திரத்தோடு வாசலுக்கு ஓட வைப்பான். என் கணவரின் தாய்மாமா கொடைக்கானல் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை பை நிறைய பட்டர் ஃப்ரூட்டோடு (அவகாடோ) வந்தார். நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன், "மாமா, அவனுக்கு மட்டும் குடுத்துடாதீங்க." "சரிம்மா சரிம்மா" என்றார். அரைமணி கழித்துத் தட்டோடு வெளியே வருகிறேன், கூண்டுக் கம்பியில் பச்சையாகச் சதை ஒட்டியிருக்கிறது, சொக்கன் அலகைக் கம்பியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "பாவம், எப்படிப் பார்க்குது! பழம்தானேம்மா."

பட்டர் ஃப்ரூட்டில் பெர்சின் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது. பறவைக்கு இதயத் தசையைக் கெடுத்து, நெஞ்சில் நீர் கோக்க வைத்து, மூச்சை அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாரன் சத்தம் இல்லை. கூண்டின் அடியில் பேப்பர் மேல் உட்கார்ந்திருந்தான், இறகெல்லாம் உப்பிப்போய், வாய் பாதி திறந்து. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. பறவைகள் முடிந்தவரை நோயை மறைத்துவிடும், நம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும். முதலில் போன் செய்த கிளினிக்கில் "நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம்" என்றார்கள். இன்னொரு டாக்டர், என்ன தின்றது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுக்கு மாற்று மருந்து இல்லம்மா. சூடா, அமைதியா வைங்க, முடிஞ்சா தூக்கிட்டு வாங்க." சாயங்காலம் நாங்கள் ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

மாமாவிடம் சொன்னதும் அவர் கேட்டது: "பழம் தின்னு யாராச்சும் சாவாங்களா?" அத்தை, கண் பட்டுவிட்டது என்றார்கள். நான் அழுததைப் பார்த்து, "ஒரு குருவிக்கா இந்தப் பாடு" என்று ஹாலில் யாரோ சொன்னதும் எனக்குக் கேட்டது. யார் என்று தெரியும். எழுத மாட்டேன்.

இப்போது கமெண்டில் பாடம் எடுத்த நம் ஞானிகளுக்கு வருகிறேன்.

"எங்க தாத்தா வீட்டுக் கிளி பால்சோறு தின்னே இருபது வருஷம் இருந்துச்சு." இருந்திருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பச்சைக்கிளி 25, 30 வருடம்கூட இருக்கும். அப்படியானால் தாத்தா அதன் ஆயுளில் எத்தனை வருடத்தைச் சோற்றில் கரைத்தார் என்று யார் கணக்குப் பார்த்தது? இரண்டே வருடத்தில் போன கிளிகளைப் பற்றி எந்தப் பேரனும் கமெண்ட் போடுவதில்லை. அப்புறம், நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெருமையாக போட்டோ போடுகிறவர்கள் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

"ஆண்டாளே கிளிக்குப் பாலமுது ஊட்டினாளே." நல்லது. ஆண்டாளோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் டீ கொடுக்கவில்லை. இலக்கியம்தான் வேண்டுமென்றால் குறிஞ்சிப் பாட்டுகளில் கிளி எதைத் தின்ன வருகிறது, பெண்கள் எதைக் காக்க விரட்டுகிறார்கள் என்று பாருங்கள். தினை. இன்றைக்கும் பறவைத் தீனிக் கடையில் அதே தினைதான் விற்கிறார்கள்.

"மிளகாயே தின்னுது, மிக்சர் என்ன செய்யும்?" மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. அதை உணர்கிற அமைப்பு நமக்கு மாதிரி அதற்கு இல்லை. அதனால் மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்னும். மிக்சரில் பிரச்சினை காரம் இல்லை ஐயா, உப்பும் எண்ணெயும். அந்தச் சின்னச் சிறுநீரகம் இந்த உப்பைத் தாங்காது.

"இவ்வளவு அக்கறை இருந்தால் கூண்டைத் திறந்துவிட வேண்டியதுதானே?" இதுதான் வலித்தது. காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தது. எங்கள் தெருவில் திறந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் காக்கைக் கூட்டம் முடித்துவிடும். அதற்கு மேல் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அதை டீ ஊற்றிக் கொடுக்கிறவரிடம் கேட்காமல், ஊற்றாதே என்கிறவளிடம் வந்து கேட்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த கிரேவை, வெளிநாட்டு உயிரினம் வளர்ப்பவர்களுக்கான 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாரா என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்.

என்னதான் கொடுக்கலாம் என்று இன்பாக்ஸில் உண்மையாகவே கேட்ட நாலைந்து பேருக்கு: தினை, சாமை, கம்பு. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், சோளக்கதிர், முளைகட்டிய பயறு. கொய்யா, பப்பாளி கொஞ்சமாக. ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிட்டு. சூரியகாந்தி விதையை மட்டுமே கொட்டி வளர்க்காதீர்கள், ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். டீ, காபி, சாக்லேட், மது, வெங்காயம், பூண்டு, பட்டர் ஃப்ரூட் கிட்டவே வரக் கூடாது. உங்கள் எச்சிலும்தான். நம் வாயில் இருக்கிற கிருமி அதற்குப் புதிது. நான்ஸ்டிக் தவா அளவு மீறிச் சூடானால் வருகிற புகையும் பறவையைக் கொல்லும், அதற்குத் தனிப் பதிவே போட வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் எனக்குக் கோபம் டீ மேல்கூட இல்லை. இந்த வீட்டில் நான் "வேண்டாம்" என்றால் அது யாருக்கும் காதில் ஏறாது. என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தேனைத் தொட்டுச் சேனை வைத்தாயிற்று. ஒரு வயதுக்குள் தேன் ஆகாது என்று சொன்னால், "நாங்க பிள்ளை வளர்க்கலயா?" அன்றைக்கும் அதே சிரிப்பு. பாசத்தில் செய்கிறார்களாம். தடுத்தால் நான் கொடுமைக்காரி, படித்த திமிர். பாசம் அவர்களுடையது, ராத்திரி விழித்துக் கிடப்பது மட்டும் என்னுடையது.

இப்போது வீட்டில் இரண்டு காக்டெயில் இருக்கின்றன. ஆடியில் மாமா வருகிறாராம். தாராளமாக வரட்டும், மீன் குழம்பு அவருக்குப் பிடிக்கும், நானே வைப்பேன். கூண்டு அன்றைக்கு மாடி அறைக்குப் போய்விடும். கதவு பூட்டியிருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். கேட்டால் காரணத்தையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்பட்டுக்கொள்ளட்டும்.