நோட்டா வென்றால் மறுதேர்தல் இல்லை

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாக்குரிமையைக் கற்பிப்பது பற்றிய ஓர் உரையாடலில், “நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடக்கும் என்று சொல்லிக்கொடுங்கள்” என ஒருவர் எழுதியிருக்கிறார். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களைப் பொறுத்தவரை இது சரியன்று. உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெற்ற நோட்டா, எந்த வேட்பாளரையும் ஏற்காதவர் தம் மறுப்பை இரகசியமாகப் பதிவுசெய்ய வழி தருகிறது; ஆனால் அதற்கு எத்தனை வாக்குகள் விழுந்தாலும், வேட்பாளர்களுள் கூடுதல் வாக்குகள் பெற்றவரே வென்றவராக அறிவிக்கப்படுவார். மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் 2018இல் கொண்டுவந்த மறுதேர்தல் விதி, அம்மாநில உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டுமே உரியது.

பிள்ளைகள் முதலில் அறிய வேண்டியது இரகசிய வாக்கைத்தான் என்று உறுதியாகக் கருதுகிறேன். வகுப்புத் தலைவர் தேர்தலைக் கைதூக்கச் சொல்லி நடத்தாமல், மடித்த சீட்டைப் பெட்டியில் இடச் செய்து, எல்லார் முன்னிலையிலும் எண்ணிக் காட்டினால், நெருங்கிய நண்பனின் முகத்துக்கு அஞ்சாமல் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது அவர்களுக்கே விளங்கும். தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளியாயின், அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபைக்கு அழைத்துச் சென்று, குடிநீரைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பெரியவர்கள் கேள்வி கேட்பதைப் பார்க்கச் செய்யலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அச்சபையின் உறுப்பினர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.