ஆடம் ஸ்காட்டின் 14 வெற்றிகளும் அந்த நீள பட்டரும்

ஆஸ்திரேலிய கோல்ஃப் வீரர் ஆடம் ஸ்காட் பெயரை எடுத்ததுமே, "அந்த நீள பட்டர் இல்லேன்னா மாஸ்டர்ஸ் பட்டமே கிடைச்சிருக்காது" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை; மாஸ்டர்ஸ், கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில் ஒன்று. 2013-ல் அவர் அதை வென்றபோது கிளம்பிய பேச்சு, இன்றுவரை ஓயவில்லை. ஆஸ்திரேலியாவின் மிகச் சிறந்த கோல்ஃப் வாழ்க்கைகளில் ஒன்றை ஒரு மட்டையின் நீளத்துக்குள் அடக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஸ்காட் வென்றவை 14. 2003-ல் பாஸ்டன் பக்கம் நடந்த டாய்ச்ச பேங்க் சாம்பியன்ஷிப் தொடங்கி 2010 டெக்சஸ் ஓப்பன் வரை முதல் ஏழும் சாதாரண பட்டரால் வந்தவை. 2004 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், 2006 டூர் சாம்பியன்ஷிப் எல்லாம் அந்த ஏழில் அடக்கம். 2011 தொடக்கத்தில் நீள பட்டருக்கு மாறினார். அதை மார்பில் ஊன்றி ஆடிய காலத்தில் வந்தவை நான்கு: 2011 பிரிட்ஜ்ஸ்டோன், 2013 மாஸ்டர்ஸ், 2013 பார்க்லேஸ், 2014 கலோனியல். ஊன்றக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்த 2016-ல் மறுபடி குட்டை பட்டரோடு இரண்டு. கடைசியாக 2020 பிப்ரவரியில் ரிவியேராவில் ஜெனசிஸ் போட்டி. நீள பட்டர்தான், ஆனால் நெஞ்சைத் தொடாமல். ஆக, குட்டை பட்டரில் ஒன்பது, ஊன்றி நான்கு, ஊன்றாமல் ஒன்று. பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

சரி, அந்த மட்டை உண்மையில் என்னதான் செய்கிறது? சாதாரண பட்டர் 33 முதல் 35 அங்குலம் இருக்கும். நீள பட்டர் 46-க்கு மேல், 50 அங்குலம் வரை போகும். ஊன்றி ஆடும் முறை இப்படி: இடது கையால் மட்டையின் மேல் நுனியைப் பிடித்து, அந்தக் கையை நெஞ்செலும்பின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். வலது கை கீழே, தண்டின் நடுப்பகுதியில், பேனாவைப் பிடிப்பது போல இரண்டு மூன்று விரல்களால் மட்டும் பிடிக்கும். மேல் நுனி அசையாது. வலது கை மட்டையின் தலையைப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட, அது சுவர்க் கடிகார ஊசலைப் போல வந்து பந்தைத் தொடும். மணிக்கட்டுக்கு இதில் வேலையே இல்லை.

இந்த மணிக்கட்டுதான் விஷயம். பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்மானிப்பது, தொடும் நொடியில் மட்டை முகம் இருக்கும் கோணம். குழியின் விட்டம் 4.25 அங்குலம், நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். பத்து அடி தூரத்தில் ஒரே ஒரு பாகை கோணம் தப்பினால் பந்து 2.1 அங்குலம் விலகும், அதாவது சரியாக விளிம்புக்குப் போய் நிற்கும். நான்கு அடியில் அதே ஒரு பாகைப் பிழைக்கு விலகல் ஓர் அங்குலத்துக்கும் குறைவு, பந்து விழுந்துவிடும். ஆனால் பதற்றத்தில் மணிக்கட்டு வெட்டினால் பிழை ஒரு பாகையோடு நிற்காது. நான்கடி பட், அதாவது நான்கடியிலிருந்து பட்டரால் உருட்டும் அடி, தவறுவதற்கு அதுதான் வழக்கமான காரணம். கோல்ஃப்காரர்கள் 'யிப்ஸ்' என்று அஞ்சுவது இந்த வெட்டைத்தான். ஊன்றும் முறை அதற்கு மருந்து.

மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஆள் நிமிர்ந்து நிற்பதால் கண் பந்திலிருந்து ரொம்பத் தள்ளிப் போய்விடுகிறது. நாற்பது ஐம்பது அடி பட்களில் எவ்வளவு வேகம் கொடுப்பது என்பதைக் கை உணர்வது கஷ்டம். காற்றடித்தால் நீளத் தண்டு ஆடும். தண்டு நேர்ச்செங்குத்திலிருந்து குறைந்தது 10 பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்று உபகரண விதி இருப்பதால், முழு ஊசலாக நேராகத் தொங்கவிட்டு ஆடவும் முடியாது. நீள பட்டரை எடுத்தவனெல்லாம் ஜெயித்துவிடுவான் என்றால் எல்லோரும் அதையே எடுத்திருப்பார்கள், இல்லையா?

ஸ்காட்டின் உண்மையான பலம் அயர்ன் ஷாட், அதாவது இரும்புத் தலை மட்டையால் தூரத்திலிருந்து குழியை நோக்கி அடிப்பது. 1980-ல் அடிலெய்டில் பிறந்து குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர்; அப்பா ஃபில் ஸ்காட்டும் கோல்ஃப் தொழில்முறைக்காரர். இளம் வயதில் டைகர் வுட்ஸின் பயிற்சியாளரான புட்ச் ஹார்மனிடம் கற்றார். இரண்டு பேரின் ஸ்விங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதவர்கள் அன்று இல்லை. குழிக்கு அருகே பந்தைக் கொண்டுவந்து போடுகிறவனுக்கு பட்டிங் சுமாராக இருந்தாலும் போதும். ரொம்ப மோசமாகப் போகாமல் இருந்தால் சரி.

2004 பிளேயர்ஸ் கடைசிக் குழியைப் பாருங்கள். போட்டி நடக்கும் சாகிராஸ் மைதானத்தில் 18-வது குழிக்கு இடதுபுறம் முழுக்கத் தண்ணீர். 23 வயதுப் பையன், ஜெயிக்கும் நிலையில் நிற்கிறான், ஆறாம் நம்பர் அயர்னை இழுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டான். அபராத ஷாட், பந்தைக் கையால் போட்டுத் தொடரும் டிராப், அங்கிருந்து சிப் எனும் ஒரு குட்டை அடி, பிறகு சுமார் பத்தடி பட். உள்ளே. கோல்ஃபில் குறைந்த ஷாட் எடுத்தவருக்கே வெற்றி; ஒரு ஷாட் வித்தியாசத்தில் பாட்ரிக் ஹாரிங்டனை முந்தி, அந்தப் போட்டியை வென்றவர்களில் அதுவரை மிக இளையவர் ஆனார். அந்தப் பத்தடியை உருட்டியது சாதாரண பட்டர். அழுத்தத்தில் பட் போடத் தெரியாதவர் என்பவர்கள் இந்த ஒன்றை என்ன செய்வார்கள்?

2009 மோசமான வருடம், அதை மறைக்க வேண்டாம். பாதியில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்'டைத் தாண்டாத போட்டிகள் வரிசையாக வந்தன. அப்போது அமெரிக்காவுக்கு எதிரான பிரசிடெண்ட்ஸ் கோப்பையின் சர்வதேச அணித்தலைவர், ஆஸ்திரேலிய ஜாம்பவான் கிரெக் நார்மன், பலர் முகம் சுளித்தும், தன் விருப்பத் தேர்வில் ஸ்காட்டை எடுத்தார். அந்த வருட முடிவிலேயே ஆஸ்திரேலியன் ஓப்பனை வென்றார் ஸ்காட். குட்டைத் தூர பட்களில் வந்த தடுமாற்றம்தான் பிறகு 2011 மாற்றத்துக்குக் காரணம். மாறிய சில வாரங்களிலேயே மாஸ்டர்ஸில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டர் கையில் இருக்கும்போதுதான் 2012 பிரிட்டிஷ் ஓப்பனில் லித்தம் சரிவும் நடந்தது.

ராயல் லித்தமில் நான்கு குழிகள் மிச்சமிருக்கையில் நான்கு ஷாட் முன்னிலை. அடுத்த நான்கிலும் போகி, அதாவது குழிக்கென்று நிர்ணயித்த பாரைவிட ஒரு ஷாட் அதிகம். 15-ல் ஒன்று. 16-ல் மூன்று பட். கடைசியில் தவறியது ஊன்றிய பட்டருக்கென்றே அளந்து வைத்தது போன்ற குட்டைப் பட். 17-ல் குழி இருக்கும் புல்தரையான க்ரீனுக்கு அடித்த ஆறாம் நம்பர் அயர்ன் இடதுபக்கப் புதரில். 18-ல் தொடக்க இடமான டீயிலிருந்து தூர அடிக்கான மூன்றாம் நம்பர் உட், நேராக ஃபேர்வே பங்கர் எனும் மணற்குழிக்குள். அங்கிருந்து வெளியே எடுப்பதற்கே ஒரு ஷாட் போய்விட்டது. பாருக்கான பட்டும் தவறியது. ஒரு ஷாட்டில் எர்னி எல்ஸுக்குப் பட்டம். நான்கு போகியில் பட்டர் குற்றவாளியாக நிற்பது ஒன்றிரண்டில்தான். மற்றவை அயர்னும் உட்டும் செய்த வேலை. அடுத்த வருடம் அதே போட்டி நடந்த மியூர்ஃபீல்டிலும் கடைசி நாள் முன்னிலைக்கு வந்து, 13 முதல் 16 வரை தொடர்ந்து நான்கு போகி. ஊன்றிய பட்டர் மந்திரக்கோல் என்றால் அது இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேலை செய்யாமல் போனது ஏன்?

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா. 2013 ஏப்ரல், மழை, மங்கிய வெளிச்சம். கடைசியான 72-வது குழியில் சுமார் இருபதடி பட்டைப் போட்டு, பாரைவிட ஒன்று குறைவான பேர்டி எடுத்தார் ஸ்காட். பின்னால் வந்த ஆங்கெல் கப்ரேரா அதே க்ரீனில் குழியை ஒட்டிப் பந்தைப் போட்டுச் சமன் செய்தார். சமனை முறிக்கும் பிளே-ஆஃபில் 18-ல் இருவரும் பார். அடுத்து 10-வது குழி. அங்கே ஸ்காட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அடிக்குமேல் ஒரு பட். வலமிருந்து இடம் வளையும். ஒரு குழி அகலம் வளையும் என்பது ஸ்காட்டின் கணிப்பு. மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனையும் சொல்லும் கேடி ஸ்டீவ் வில்லியம்ஸ் குறைந்தது இரண்டு குழி அகலம் என்றார். ஸ்காட் கேடியின் பேச்சைக் கேட்டார், பந்து விழுந்தது. சரியான சரிவைச் சொன்னது ஒரு மனிதன். அதற்கும் மட்டை நீளத்துக்கும் என்ன சம்பந்தம்? நார்மன் 1986, 87, 96 என்று திரும்பத் திரும்பக் கைநழுவவிட்ட, மாஸ்டர்ஸ் வெற்றியாளருக்கான அந்தப் பச்சைக் கோட்டு முதன்முறையாக ஓர் ஆஸ்திரேலியருக்குப் போனது.

தடையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ-வும் யுஎஸ்ஜிஏ-வும் 2012 நவம்பரிலேயே அதை முன்மொழிந்துவிட்டன. ஆக, ஸ்காட் மாஸ்டர்ஸ் ஜெயித்ததால் வந்த தடை என்பது தவறு. 2013 மேயில் உறுதியானது, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. நீள பட்டருக்குத் தடை இல்லை, ஊன்றுவதற்குத்தான். மட்டையையோ பிடித்த கையையோ உடலில் பதிக்கக் கூடாது. முன்கையை விலாவில் அழுத்தி, அதன்மூலம் மேல் நுனியைப் பிடித்த கையை அசையாமல் நிறுத்துவதும் கூடாது. மீறினால் இரண்டு ஷாட் அபராதம். தண்டை முன்கையோடு ஒட்டி வைக்கலாம். மாட் கூச்சர் அப்படித்தான் ஆடுகிறார். இந்தத் தடை நியாயம்தான் என்று நினைக்கிறேன். மட்டையைச் சுதந்திரமாக வீசுவதுதான் இந்த ஆட்டம். ஆனால் விதி வருவதற்கு முன் விதிப்படி வென்றவரின் பட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுச் சந்தேகிப்பது அநியாயம்.

ஸ்காட் கதை முடிந்தது என்று எழுதியவர்களுக்கு 2016 பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. ஹோண்டா கிளாசிக். சனிக்கிழமை 15-வது பார்-3 குழியில் இரண்டு பந்து தண்ணீரில், மொத்தம் ஏழு. அன்றைய சுற்று அப்படியும் 66. ஞாயிறு செர்ஜியோ கார்சியாவை ஒரு ஷாட்டில் வென்றார். அடுத்த வாரமே டோரலில் கேடிலாக் சாம்பியன்ஷிப். கடைசி நாள் முதல் ஐந்து குழிக்குள் இரண்டு டபுள் போகி போட்டும் பட்டம் அவருக்கே. கடைசிக் குழியில் பாரைக் காப்பாற்றியது ஆறடி அளவிலான பட். குட்டை பட்டர்.

அது நிலைக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த இரண்டு வருடங்களில் பட்டிங் மறுபடி சரிந்து, உலகத் தரவரிசையில் முதல் 50-க்கு வெளியே போனார். 2018 யுஎஸ் ஓப்பனுக்குத் தகுதிச் சுற்று ஆடித்தான் நுழைய வேண்டியிருந்தது. அப்போதுதான் நீள பட்டரை ஊன்றாமல் ஆடும் முறைக்கு வந்து சேர்ந்தார். கஷ்டமான முறை இது. மேல் நுனியைப் பிடித்த கை நெஞ்சிலிருந்து விலகி அந்தரத்தில் நிற்க வேண்டும். மேல் நுனி கொஞ்சம் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் மட்டை முகத்தின் சாய்வு மாறி, பந்து உருளுவதற்குப் பதில் குதித்துப் புறப்படும். இடது கையை அசையாமல் நிறுத்துவதுதான் முழுப் பயிற்சியும். அந்த வருடமே பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கெப்கா, வுட்ஸுக்குப் பின்னால் மூன்றாம் இடம்.

இன்று அவரைப் பின்பற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். யிப்ஸால் வருடக்கணக்கில் அவதிப்பட்ட லூக்கஸ் க்ளோவர், ஸ்காட்டின் பட்டர் அளவுகளையே கேட்டு வாங்கி, 2023 ஆகஸ்டில் அடுத்தடுத்த இரண்டு வாரம் ஜெயித்தார். இந்திய வம்சாவளி இளைஞர் அக்ஷய் பாட்டியா 2024-ல் டெக்சஸ் ஓப்பனை வென்றதும் ஊன்றாத நீள பட்டரால்தான்.

ஸ்காட்டின் வாழ்க்கையில் வருத்தப்பட ஒன்று உண்டு என்றால் அது மேஜர் எண்ணிக்கை. 2001 பிரிட்டிஷ் ஓப்பனிலிருந்து ஒன்றுகூட விடாமல் ஆடி, 2025-ல் ஓக்மாண்டில் ஆடிய யுஎஸ் ஓப்பன் அவருடைய 96-வது தொடர்ச்சியான மேஜர். 44 வயதில், மூன்று நாள் முடிவில் முன்னிலைக்கு ஒரே ஒரு ஷாட் பின்னால் நின்றார். ஞாயிறு 79 அடித்து 12-ம் இடத்துக்கு இறங்கினார். இவ்வளவு காலம், இவ்வளவு அழகான அயர்ன் ஆட்டம், கையில் ஒரே ஒரு மேஜர். விவாதிக்க வேண்டுமென்றால் அதை விவாதிப்போம். லித்தமின் 17-வது குழியில் அந்த ஆறாம் நம்பர் அயர்ன் ஏன் இடதுபக்கம் போனது என்பதிலிருந்து தொடங்கலாம்.