பிராங்ஃபர்ட்-ஹான், பிராங்ஃபர்ட்டில் இல்லை

"ஐரோப்பாவுக்குள் பறக்கத் தேடும்போது முதலில் வரும் மலிவு டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், எந்த விமான நிலையமானால் என்ன, அதே ஊர்தானே" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டிக்கெட்டில் உள்ள ஊரும் விமானம் இறங்கும் இடமும் பல நேரம் வேறு வேறு.

பிராங்ஃபர்ட்-ஹான் நிலையம் பிராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது. முன்பு அமெரிக்க விமானப்படைத் தளம். பயணிகள் ரயிலே அங்கு கிடையாது. பாரிஸ் என்று விற்கப்படும் பொவே சுமார் 85 கி.மீ. வடக்கே, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். ஸ்டாக்ஹோமின் ஸ்காவ்ஸ்டா, மியூனிக்கின் மெம்மிங்கன் இரண்டும் நூறு கி.மீ. கணக்குதான். மிலானுக்குப் பெர்கமோ பரவாயில்லை, ஐம்பது கி.மீ.தான்.

காலை ஆறரை மணி விமானம் ஒன்றை ஆசையாக எடுத்தேன். அந்த நேரத்துக்கு நிலையத்துக்குப் பேருந்தே இல்லை. டாக்சிக்குக் கொடுத்தது டிக்கெட் விலையைப் போல் மூன்று மடங்கு.

அதனால் பணம் கட்டுமுன் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பாரிஸ் என்றால் சிடிஜியா, பிவிஏவா? சிடிஜி என்றால் பாரிஸின் பெரிய நிலையமான சார்ல் த கோல், பிவிஏ என்றால் பொவே. சரி, அப்புறம் போக வரப் பேருந்துக் கட்டணத்தையும், இருக்கைக்கு அடியில் அடங்காத பைக்கான கட்டணத்தையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.