மீட்பர் வேணாம்னு மாதா எப்ப சொன்னாங்க?

அந்த பாஸ்டர் கிளிப்ப காலையிலேர்ந்து ஆளாளுக்கு ஃபார்வர்டு பண்றீங்க. பாத்துட்டேன், போதும். துக்க வீட்டுல செபமாலை முடிஞ்சும் முடியாம மைக்க வாங்கி "மரியாளும் பாவிதான், அவளுக்கும் இரட்சகர் தேவப்பட்டார்"னு பிரசங்கம் பண்ணவரோட நாகரிகத்த பத்தி நான் ஒன்னும் சொல்லல.

ஆனா ஒன்னு கேக்கணும். மீட்பர் வேணாம்னு எந்த கத்தோலிக்கன் சொன்னான்? லூக்கா 1:47ல மாதாவே கடவுள தன்னோட மீட்பர்னுதான் பாடுறாங்க. 1854ல போப் ஒன்பதாம் பயஸ் அமல உற்பவத்த, அதாவது மாதா ஜென்மப் பாவம் இல்லாமலே கருவானாங்கங்கறத, அறிவிச்சாரே, அதுலயே இயேசுவோட பேறுபலன்கள முன்னிட்டு கடவுள் குடுத்த அருள்னுதான் இருக்கு. குழில விழுந்தவன தூக்கி விடுறதும் காப்பாத்துறதுதான், விழுறதுக்கு முன்னாடியே கையப் புடிச்சு நிறுத்துறதும் காப்பாத்துறதுதான். சம்பாதிச்சது இல்லங்க, குடுத்தது. குடுத்தது!

"1854 வரைக்கும் தூங்கினீங்களா"ன்னு வருவீங்க. தூங்கல, எங்காளுங்களே நூத்துக்கணக்கான வருஷம் அடிச்சுக்கிட்டாங்க, பெரிய இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸே ஒத்துக்கல, அவருக்கப்புறம் டன்ஸ் ஸ்கோட்டஸ்னு இன்னொரு அறிஞர் வந்துதான் இந்த 'விழுறதுக்கு முன்னாடியே காப்பாத்துறது'ங்கற வழிய சொன்னார். "பைபிள்ல எங்க இருக்கு"ன்னா, நேரடி வசனமா இல்லதான். புதிய ஏற்பாட்டுக்கு 27 புத்தகம்னும்தான் பைபிள்ல இல்ல, அத மட்டும் யாரக் கேட்டு ஏத்துக்கிட்டீங்க? "இணை மீட்பர்"னு மாதாவ சொல்லாதீங்கன்னு 2025 நவம்பர்ல வத்திக்கானே சொல்லிருச்சு, அந்த நியூஸ மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணல. புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு ஆரம்பம் போட்ட உங்க மார்ட்டின் லூத்தர் 1521ல மாதாவோட பாட்டுக்கு விளக்கம் எழுதி அவங்கள கடவுளின் தாய்னு சொன்னதையும்தான்.

சின்ன வயசுல கொஞ்ச நாள் மாமா வீட்டுல இருந்தோம். அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பிச்ச புதுசு. சாயந்திரம் அம்மா செபமாலை எடுத்தா டிவி சவுண்ட கூட்டுவார். அம்மா ஒரு வார்த்த பேசாம மொட்டமாடிக்கு போயிருவாங்க, கொசுக்கடில உக்காந்து அம்பத்து மூணு மணியும் சொல்லிட்டுதான் எறங்குவாங்க. அந்த அம்மாவப் பாத்துதான் "விக்கிரக ஆராதனை"ங்கறீங்க. வேளாங்கண்ணில ஏத்துற மெழுகுவர்த்தி விக்கிரகம், நீங்க விக்கிற ஜெப எண்ணெய் பாட்டில் மட்டும் கிருபையா? "பாஸ்டர் எனக்காக ஜெபிங்க"ன்னு வாட்ஸப்ல கேட்டா விசுவாசமாம், மாதாகிட்ட கேட்டா பாவமாம். நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

எல்லா சபைக்காரங்களையும் சொல்லல, எங்க தெரு சிஎஸ்ஐ சர்ச் ஐயர் தங்கமான மனுஷன். கமெண்ட்ல "எல்லாரும் பாவம் செஞ்சாங்க"ங்கற ரோமர் 3:23 போட வர்றவங்களுக்கு, அது எங்களுக்கும் மனப்பாடம். அதப் போடுறதுக்கு முன்னாடி லூக்கா 1:48 படிச்சிட்டு வாங்க. எல்லாத் தலைமுறையும் என்னைப் பேறுபெற்றவள்னு சொல்லும்னு இருக்கு. நீங்க எந்தத் தலைமுறை?