பலகையில் இடம் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு

நேற்றுப் போயா (பௌர்ணமி) விடுமுறை. அட்டனுக்கு அருகே அக்கா வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை வாதாடினோம். மருமகனும் அவனுடைய கூட்டாளிகள் மூவரும் ‘டைட்டானிக்’ படத்தைப் பார்த்து முடித்த கையோடு தொடங்கியது அது. கப்பல் மூழ்கிய பிறகு ரோஸ் ஒரு மிதக்கும் பலகையில் கிடக்க, அவளுடைய காதலன் ஜாக் குளிர்நீரிலேயே இறந்துபோவான். அவன் பிழைத்திருக்கலாமா? அந்தப் பலகையில் இருவருக்கும் இடம் இருந்ததா? 1997இல் படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள், அந்தக் கேள்வியைத் தங்கள் வீட்டுப் பிரச்சினை போலத் தலையில் போட்டுக்கொண்டு பேசினார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவர்களில் ஒருவன், “ரோஸ் சுயநலக்காரி, கொஞ்சம் நகர்ந்து படுத்திருந்தால் போதும்” என்று முடித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

இடம் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒட்டிப் படுத்தால் இருவர் படுக்கலாம் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் தண்ணீரில் மிதக்கும் பொருளுக்கு இடம் ஒரு கணக்கு, பாரம் இன்னொரு கணக்கு. படத்திலேயே ஜாக் ஒருமுறை ஏறப் பார்க்கிறான்; பலகை கவிழப் போகிறது; அதற்குப் பிறகுதான் அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இருந்துவிடுகிறான். அந்த ஒரு நொடியை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் ரோஸைத் திட்டுகிறார்கள். கதவு என்று எல்லோரும் சொல்வதும் சரியில்லை. முதல் வகுப்பு ஓய்வறையின் வாசலுக்கு மேலே இருந்த மரச் சட்டத்தைப் போலச் செய்யப்பட்ட பலகை அது. 2024இல் அது ஏலத்தில் 718,750 டொலருக்குப் போனது.

மருமகனின் துருப்புச்சீட்டு, பரிசோதனைகள். 2012இல், பரவலான நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கும் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ரோஸின் உயிர்காப்பு அங்கியைப் பலகைக்கு அடியில் கட்டினால் இருவரையும் தாங்கும் என்று காட்டினார்கள். 2023இல் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனே சாகசக் கலைஞர்கள் இருவரைக் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கி நான்கு விதமாகச் சோதித்தார். கடைசிச் சோதனையில் ரோஸ் தன் அங்கியைக் கழற்றி ஜாக்குக்குக் கொடுக்கிறாள். இருவருடைய நெஞ்சும் தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அப்படியென்றால் படகு வரும்வரை ஜாக் தாக்குப்பிடித்திருக்கக்கூடும் என்று கேமரூனே ஒப்புக்கொண்டார். “பார்த்தீர்களா மாமா, படம் எடுத்தவரே சொல்லிவிட்டார்” என்றான் மருமகன்.

நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 1998இல், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராவில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில். லயத்தில் பாதிப் பேர் அந்த ஓர் அறைக்குள் இருந்தார்கள். அம்மா அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வெறுந்தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஜாக் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசும் காட்சியில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இதுதான்: “விரல் செத்திருக்கும். இனி அந்தப் பையனால் எதையும் பிடிக்க முடியாது.”

தை மாத விடியலில் மலை ஏறியவர்களுக்கு அது தெரியும். தேயிலைச் செடி இடுப்பளவுக்கு நனைந்து நிற்கும். பனி விழுந்த இலைகளைத் தொட்டுத் தொட்டு அரை மணிநேரத்தில் விரல் நுனிகள் வெளுத்துவிடும். அதன்பிறகு கொழுந்தைக் கிள்ளினோமா இல்லையா என்று விரல் சொல்லாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மழை நாட்களில் வீட்டுக்கு வந்ததும், இடுப்பில் கட்டியிருக்கும் படங்கின் முடிச்சை அவிழ்க்க அம்மா என்னைக் கூப்பிடுவார். நனைந்து இறுகிப்போன கயிறு. அவருடைய விரல்கள் அதன்மேல் வழுக்கி வழுக்கி விழும். எட்டு வயதுப் பையனான என் விரலுக்கு அது சட்டென்று அவிழும்.

எங்கள் மலைப் பனி அட்லாண்டிக் கடல் இல்லை. அந்த இரவில் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை. உப்பு இருந்ததால்தான் உறையாமல் இருந்தது. குளிர்நீரில் விழுந்தவர்களைப் பற்றி மீட்புப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணிநேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள், இருட்டில், தண்ணீருக்கு அடியில் போய், அங்கியைப் பலகையோடு சேர்த்து ஈரக் கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும் என்கிறார்கள். யார் போடுவது? கேமரூனும் இதே காரணத்தைச் சொல்லித்தான் அந்த யோசனையை மறுத்தார். அம்மா அதை 1998லேயே சொல்லிவிட்டார்.

அங்கியைக் கழற்றிக் கொடுப்பது பரவாயில்லை, அது நடக்கக்கூடியது. ஆனால் சோதனைத் தொட்டியில் இறங்கியவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது தெரியும். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஜாக்கும் ரோஸும் அதற்கு முன்பே தண்ணீர் புகுந்த நடைகளில் ஓடியவர்கள். கப்பலோடு கீழே இழுபட்டு மேலே வந்தவர்கள். மேலே வந்ததும் ஒருவன் ரோஸின் தோளில் ஏறி அவளை அமிழ்த்தப் பார்த்தான். அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், நீ சரியாக யோசிக்கவில்லை என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

ஜாக் பிழைத்திருக்கலாம் என்றுதான் நானும் நம்புகிறேன், உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்தப் பலகையில் இல்லை. அவனுக்கான இடம் அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் முன்பே காலியாகக் கடலில் இறக்கப்பட்டுவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கப்பலில் ஏறக்குறைய 2,200 பேர். 20 உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கு இடம். 10,000 தொன்னுக்கு மேற்பட்ட எந்தக் கப்பலும் 16 படகு வைத்திருந்தால் போதும் என்பது 1894ஆம் ஆண்டுப் பழைய விதி. டைட்டானிக் 46,000 தொன். ஆகவே அது சட்டப்படி வைக்க வேண்டியதைவிட நான்கு படகுகள் கூடுதலாகவே வைத்திருந்தது! கடைசியில் பிழைத்தவர்களோ எழுநூற்றுச் சொச்சம். அப்படியானால் படகுகளில் நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் வீணாகப் போயிருக்கின்றன. முதலில் இறங்கிய படகில் 65 பேர் ஏறலாம், ஏறியவர்கள் 28 பேரளவில். ஒன்றாம் இலக்கப் படகு 40 பேருக்கானது, போனவர்கள் 12 பேர்.

பொருளைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்களும் உண்டு. மடக்குப் படகு ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்கள் அதன் முதுகில் விடியும்வரை நின்று உயிர் தப்பினார்கள். அவர்களில் ஜாக் என்று அழைக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன் முதல் வகுப்புப் பயணி. நம் ஜாக், சீட்டாட்டத்தில் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை வென்றவன். அந்த டிக்கெட்டோடு கப்பலை நோக்கி ஓடும் காட்சியில் அவன் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை. முதல் வகுப்பில் பத்துப் பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கு பேரில் ஒருவர்.

பிறகு இங்கிலாந்தில் விசாரணை நடந்தது. மூன்றாம் வகுப்பினருக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை என்று முடிவு எழுதினார்கள். அந்த விசாரணையில் சாட்சி சொல்ல ஒரு மூன்றாம் வகுப்புப் பயணிகூட அழைக்கப்படவில்லை. சாட்சி சொன்ன பயணிகள் இருவர்தான்: முதல் வகுப்புக் கணவனும் மனைவியும். 12 பேரோடு போன அதே ஒன்றாம் இலக்கப் படகில் போனவர்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலையகத்தில் இருந்துகொண்டு இதை வெறும் படக்கதையாக என்னால் பேச முடியாததற்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த வாரம் பஸ்ஸில், கடையில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: “2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று எச்சரித்தார்களாமே, ஏன் எழுந்து போகவில்லை?” எங்கே போவது? பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாதவர்கள் அவர்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது, சம்பளம் கிடைக்காது. லயத்தை விட்டால் அடுத்த கூரை இல்லை. அவர்களுக்கு மாற்று வீடு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். “கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும்” என்று அந்தப் பையன் நேற்றுச் சொன்னபோது என் காதில் விழுந்தது அந்தப் பஸ் பேச்சுத்தான். அவன் நல்ல பையன். கோபித்துக்கொண்டதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

கதைப் பாத்திரம்தானே, எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேமரூனும் ஒருமுறை, திரைக்கதையின் 147ஆம் பக்கத்தில் ஜாக் சாகிறான் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கு அது போதும். பார்த்தவர்களுக்குப் போதாது. ஒருவன் சாகக்கூடாது என்று மனம் அடித்துக்கொள்வதால்தான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பலகையை அளக்கிறோம். அந்த மனத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அளக்கும் இடத்தை மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

படத்திலேயே அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. கப்பலை வடிவமைத்த அண்ட்ரூஸ், படகுகளை இறக்கும் அதிகாரியைப் பிடித்துக் கேட்கிறார்: 65 பேர் போகும் படகில் இருபது பேரா? ஒன்றில் பன்னிரண்டு பேரைத்தான் பார்த்தேன், பன்னிரண்டு! பாரம் தாங்குமோ என்று பயந்ததாக அதிகாரி சொல்கிறார். எழுபது ஆட்களின் எடையை வைத்துச் சோதித்த படகுகள் அவை என்று அண்ட்ரூஸ் கத்துகிறார். ஒரு நிமிடம்கூட இல்லை. நேற்று அந்தக் காட்சி ஓடியபோது பிள்ளைகள் ரொட்டியும் சம்பலும் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த போயாவுக்கும் படம் போடுவதாக மருமகன் சொல்லியிருக்கிறான். அம்மாவையும் அழைத்துக்கொண்டு நான் வருகிறேன். அந்த இடம் வந்ததும் யாரும் எழுந்து போக வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். அங்கே படத்தை நிறுத்திவிட்டு, ஜாக் அப்போது கப்பலின் எந்தப் பகுதியில், எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தான் என்று பார்ப்போம்.