பிள்ளை முகம் பார்த்தால் தாய்க்கு முடி கொட்டுமா?
குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று சொல்வதுண்டு. காலம் ஒத்துப்போவது உண்மைதான், காரணம் அதுவல்ல. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால் உதிர வேண்டிய முடியும் தலையிலேயே தங்கிவிடும். பிரசவமானதும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்க, அப்படித் தங்கிய முடியெல்லாம் ஒன்றாக, வளர்ச்சி நின்று உதிரக் காத்திருக்கும் ஓய்வுநிலைக்குப் போய் 2 முதல் 4 மாதத்தில் கொட்டும். டெங்கு, டைபாய்டு வந்து எழுந்த ஆண்களுக்கும் 2, 3 மாதம் கழித்து இதேபோல் கொட்டுவதுண்டு. அங்கே எந்தப் பிள்ளை சிரித்தது?

சீப்பில் வந்த முடியைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை முண்டு இருந்தால் அது ஓய்வுநிலை முடி. இல்லையென்றால் நடுவில் ஒடிந்தது. ஒரு வருடம் தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டி, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) ரத்தப் பரிசோதனைகள் பார்க்கச் சொல்லுங்கள்.